ஐந்து நிமிடப் பரிசோதனை... பதினைந்து வருட அவகாசம்!

“எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன். எதுக்கு டெஸ்ட்டெல்லாம்?”

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என்றதும் நம் வீட்டுப் பெண்கள் பலரும் சொல்லும் பதில் இதுதான். ஆனால், நன்றாக இருக்கும்போது செய்துகொள்ள வேண்டிய பரிசோதனையே இது. ஏன் என்று புரிந்துகொள்ள, ஆராய்ச்சிக்கூடங்கள் பக்கம் கொஞ்சம் போய்வருவோம், வாருங்கள்.

நியூயார்க்கில் வேலை பார்த்த கிரேக்க நாட்டு மருத்துவர் ஜார்ஜ் பாப்பனிகோலாவ். அவருடைய மனைவி மேரி, கணவரின் ஆய்வுக்காகப் பல வருடங்கள் தன் உடலிலிருந்தே மாதிரி கொடுத்து உதவியவர். கர்ப்பப்பை வாயிலிருந்து உதிரும் செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே புற்றுநோயைக் கண்டுபிடிக்கலாம் என்று 1928-ல் பாப்பனிகோலாவ் சொன்னபோது, மருத்துவ உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1943-ல் இன்னொரு மருத்துவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட புத்தகத்துக்குப் பிறகே ஏற்றுக்கொண்டார்கள். இன்று ‘பாப் ஸ்மியர்’ என்று நாம் சொல்வது அவர் பெயரின் சுருக்கம்தான்.

சரி, அந்த செல்கள் ஏன் கெட்டுப்போகின்றன? அதற்கான விடை கிடைக்க இன்னும் நாற்பது வருடங்கள் ஆயின.

1951-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஐந்து குழந்தைகளின் தாயான ஹென்ரியேட்டா லாக்ஸ் இதே நோயால் 31 வயதில் இறந்துபோனார். அவருடைய கட்டியிலிருந்து எடுத்த செல்கள் மட்டும் ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகிக்கொண்டே இருந்தன. ‘ஹீலா’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போயின. அவரிடமோ குடும்பத்திடமோ யாரும் அனுமதி கேட்கவில்லை. இருபது வருடங்களுக்கு மேலான பிறகுதான் குடும்பத்துக்கே விஷயம் தெரிந்தது.

ஜெர்மனியின் ஹெரால்டு ஸூர் ஹௌசன், இந்த நோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்ற வைரஸ்தான் என்று சந்தேகப்பட்டார். அப்போது பலரும் ஹெர்பிஸ் வைரஸைத்தான் கைகாட்டிக்கொண்டிருந்தார்கள். 1983, 84-ம் ஆண்டுகளில், நோயாளிகளின் கட்டிகளிலிருந்து அந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளின் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தது அவரது குழு. ஹென்ரியேட்டாவின் செல்களுக்குள்ளும் 18-ம் வகை இருந்தது! உலகில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவிகிதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். 2008-ல் ஸூர் ஹௌசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் செல்லுக்குள் பி53, ஆர்.பி. என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. செல் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரர்கள் இவர்கள். வைரஸ் உருவாக்கும் இரண்டு புரதங்கள், ஆளுக்கு ஒரு காவல்காரராக முடக்கிவிடுகின்றன. ஆனாலும், உடனே புற்றுநோய் வந்துவிடாது. பெரும்பாலானோருக்கு ஓரிரு வருடங்களில் உடலே வைரஸை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் தங்கிவிட்டால்கூட, புற்றுநோயாக மாற பொதுவாக 15 முதல் 20 வருடங்கள் ஆகும். அத்தனை வருடமும் வலி இருக்காது, எந்த அறிகுறியும் தெரியாது. ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நாம் சொல்லும் காலம் அதுதான்!

இதைத் தடுக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம் என்று காட்டியது நம் திண்டுக்கல் மாவட்டம். 2000-ல் தொடங்கிய ஆய்வு அது. கிராமங்களில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்களே பரிசோதனை செய்தார்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தை நீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவினால், மாறிய செல்கள் வெள்ளையாகத் தெரியும். தேவைப்பட்டவர்களுக்கு அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்துக் கெட்ட செல்களை அழித்தார்கள். அழைக்கப்பட்டவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர்தான். அப்படியிருந்தும், பரிசோதனை இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டால் இந்தப் புற்றுநோய் 25 சதவிகிதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதமும் குறைந்தன. எல்லோரும் வந்திருந்தால்?

இனி நாம் செய்ய வேண்டியவை...

* 30 வயதைத் தாண்டிய பெண்கள், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மகப்பேறு மருத்துவரிடமோ பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு வினிகர் முறை சரியாகக் காட்டாமல் போகலாம். அவர்கள் ஹெச்.பி.வி. டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* ‘பாசிட்டிவ்’ என்றால் புற்றுநோய் என்று அர்த்தமல்ல. மேற்கொண்டு பார்க்க வேண்டும், அவ்வளவுதான். யாருடைய நடத்தைக்கும் அது சாட்சியுமல்ல. எப்போதோ தொற்றிய வைரஸ் பல வருடங்கள் சத்தமில்லாமல் இருக்கும்.

* மகள்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது நல்லது. ஊசி போட்டிருந்தாலும் பின்னாளில் பரிசோதனை அவசியம்.

* உறவுக்குப் பின் ரத்தம் படுவது, மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்... இவை இருந்தால் நாள் கடத்தாதீர்கள்.

கணவர்களே, “வா, நானும் கூட வர்றேன்” என்று நீங்கள் சொன்னாலே போதும், பாதித் தயக்கம் போய்விடும். இந்த வாரமே ஒரு நாளைக் குறித்துவிடுங்கள்.