எடை இருக்கும் இடம்

மயிலாப்பூரில் பிறந்தவர் என மரபு போற்றும் வள்ளுவப் பெருந்தகை, மெல்லிய மயிலிறகேயாயினும் அளவுமீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என அறிவுறுத்தினார். அவர் சுட்டியது எடையின் அளவு. வண்டிகள் விரைந்தோடும் இக்காலத்தில், எடை இருக்கும் இடத்தையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும் என்பது நம் கருத்து. தமிழ்த்துறை மலரில் எஞ்சினுக்கு என்ன வேலை என வினவுவோர் இருக்கலாம். உயிர் காக்கும் அறிவு எத்துறையைச் சார்ந்ததாயினும், அதனைத் தாய்மொழியில் எடுத்துரைப்பது தமிழ் கற்றோரின் கடமையேயாகும்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாள்களில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் வழியே அமைந்த ஏறத்தாழ 3.5 கி.மீ. தடத்தில் பார்முலா 4 கார் பந்தயம் நடைபெற்றது. இளைஞர்கள் வேகத்தை வியந்தனர். அக்கார்களில் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னே, பின்சக்கர அச்சுக்கு முன்னே அமைந்திருப்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

அதன் காரணம் எளிது. தண்டின் இரு முனைகளிலும் குடங்களைக் கட்டித் தோளில் சுமப்பவர் சட்டெனத் திரும்ப இயலாது. திரும்பத் தொடங்கினால் சட்டென நிற்கவும் இயலாது. அதே எடையைத் தலையில் சுமப்பவர் எளிதில் திரும்புவார். பேரெடையுடைய எஞ்சின் வண்டியின் நடுவே அமையுமாயின், வளைவில் வண்டி விரைந்து சொற்கேட்கும். ஜாக் பிரபாம் 1959இல் உலகச் சாம்பியன் பட்டம் பெற்றது, தமக்குப் பின்னே எஞ்சினைக் கொண்ட கூப்பர் காரில்தான். 1960இல் இத்தாலியின் மோன்சா தடத்தில் பெராரி பெற்ற வெற்றிக்குப் பின், முன்னே எஞ்சின் கொண்ட கார் எதுவும் பார்முலா 1 உலகப் பட்டப் பந்தயம் ஒன்றிலும் வென்றதில்லை.

எஞ்சின் முன்னே அமைந்து முன்சக்கரங்களையே இயக்கும் கார், 1983இல் வந்த மாருதி 800 போன்றது, மிகு வேகத்தில் வளைவில் நுழைந்தால் வெளிப்புறமாக நழுவ முற்படும். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் வழிக்கு வந்துவிடும். பின்சக்கர அச்சுக்கும் அப்பால் எஞ்சினைக் கொண்டது 1963இல் அறிமுகமான போர்ஷே 911. அது புறப்படும்போது சாலையை இறுகப் பற்றும். ஆனால் அதன் பழைய கார்களில், வளைவின் நடுவே அஞ்சி ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டால், எடை முன்னோக்கிச் சாய, பின்சக்கரங்களின் பிடி தளர்ந்து வால்புறம் சுழன்று வரும். ஆகவே ஓர் அமைப்பு உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்பதன்று. ஓட்டுபவர் தம் வண்டியின் இயல்பை அறிந்திருக்கிறாரா என்பதே வினா.

இது பந்தயத் தடத்தோடு முடியும் செய்தியன்று. தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் வாங்கிய மூட்டைகளோடும் அளவுக்கு மிஞ்சிய ஆட்களோடும் அடையாறு நோக்கி விரையும் ஆட்டோவைக் காண்போம். எஞ்சினும் பின்னே, பயணிகளும் பின்னே. முன்னே ஒற்றைச் சக்கரம். வளைவில் திரும்பிக்கொண்டே பிரேக்கை அழுத்தினால் எடை அவ்வொற்றைச் சக்கரத்தை நோக்கிச் சாய்கிறது; அங்கே தாங்குவதற்கு அகலம் இன்மையால் வண்டி கவிழக்கூடும். கூரைமேல் பளு ஏற்றிய வேனின் நிலையும் இத்தகையதே. எடை உயர உயர, கவிழ்வது எளிதாகும். இரவில் கடற்கரைச் சாலையில் பந்தயம் விடும் இளைஞரோ, பந்தய வீரரின் வேகத்தை மட்டும் கைக்கொண்டு, அவருடைய வண்டியின் அமைப்பையும் பல்லாண்டுப் பயிற்சியையும் தடத்தின் தடுப்புகளையும் மறந்துவிடுகின்றனர்.

எனவே, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் எடையின் இடம்பற்றி ஒரு மணி நேரமேனும் கற்பித்தல் வேண்டும். இயற்பியல் ஆசிரியர்கள் ஈர்ப்பு மையத்தை விளக்குங்கால், வாயிலில் நிற்கும் ஆட்டோவையே சான்றாகக் காட்டலாம். மகனுக்கு வண்டி வாங்கும் பெரியோர், அது எவ்வளவு வேகம் செல்லும் என்பதோடு, வளைவில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையும் கேட்டறிதல் நன்று.

மாணவச் செல்வங்களே, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறையுங்கள். வளைவினுள் பிரேக்கைத் திடுமென அழுத்தாதீர்கள். பளுவைத் தாழ வையுங்கள். இவற்றுக்குப் பொருட்செலவு ஏதுமில்லை. இல்லத்தில் உங்களுக்காக விழித்திருப்போரின் உறக்கம் இவற்றைப் பொறுத்தே அமைகிறது.