சும்மா இருந்தால் மங்கும் எண்

மணி பார்க்கக் கைப்பேசி போதும். இருந்தும், ராசாவில் என் வீட்டு மேசையில் நானே பற்றவைத்துச் செய்த நிக்ஸி கடிகாரம் ஒன்று ஓடுகிறது.

நிக்ஸி குழாயை 1955-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் பரோஸ் நிறுவனம். பார்க்க வால்வு ரேடியோவின் குழாய் போலிருக்கும்; ஆனால் உள்ளே இருப்பது நியான் வாயு. 0 முதல் 9 வரை எண் வடிவில் பத்து உலோகத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். சுமார் 170 வோல்ட் கொடுத்தால், மின்சாரம் பாயும் எண்ணைச் சுற்றி மட்டும் ஆரஞ்சு ஒளி படரும்.

எல்இடி வந்தபின் இவற்றின் மவுசு போனது. இன்று நம்மைப் போன்றவர்கள் தேடுவது சோவியத் காலத்து ஐஎன்-12, ஐஎன்-14 குழாய்களைத்தான். செக் நாட்டில் டலிபோர் ஃபார்னி புதிதாகச் செய்கிறார், விலை அதிகம். ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்ற வேண்டும்.

மணியின் முதல் குழாயில் 0, 1, 2 மட்டுமே எரியும். அவற்றிலிருந்து தெறிக்கும் உலோகத் துகள், சும்மா இருக்கும் மற்ற எண்களில் படியும். பிறகு அந்தக் குழாயை நிமிடத்துக்கு மாற்றினால் 5 பாதிதான் எரியும். மருந்து எளிது: தினமும் சில நிமிடம் பத்து எண்களும் மாறி மாறி எரியும்படி நிரலில் எழுதிவிடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கியிருக்கும். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள். பிள்ளைகள் செய்தால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.