ஐஸ் நின்றது, குற்றவாளி யார்?

சட்டத்தரணி ஒருவனிடம் வரும் வழக்குகள் எல்லாம் பெரிய வழக்குகள் அல்ல. காணி எல்லையில் ஒரு சாண், வேலியில் ஒரு பூவரசு, கடன் பத்திரத்தில் ஒரு கையொப்பம் என்பவற்றிலிருந்தே மனிதரின் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் பிறக்கின்றன. அண்மையில் என்னிடம் வந்த வழக்கு இவற்றினும் சிறியது. ஒரு வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ்கட்டி விழவில்லை. அவ்வளவே! ஆயின், அச்சிறு வழக்கினுள்ளே ஓர் ஏழைத் தொழிலாளியின் நற்பெயரும், ஓர் ஓய்வூதியக் குடும்பத்தின் பணமும், எம் நாட்டுச் சட்டத்தின் ஒரு குறையும் ஒருங்கே சிக்கிக் கிடந்தன. ஆதலின் அதனைப் பொதுமக்கள் மன்றில் வைக்கத் துணிந்தேன்.

வழக்காளி இரத்மலானையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர். தண்ணீர்க் குழாயுடன் இணைத்துவிட்டால் தானாகவே ஐஸ்கட்டி செய்து கொட்டும் பெரிய பெட்டி ஒன்று அவர் வீட்டில் உண்டு. அவருடைய துணைவியார் பழரசம் செய்து அயலிலுள்ள சிற்றுண்டிச்சாலைகளுக்குக் கொடுத்து வருகிறார். ஐஸ் நின்றால் அவ்வருமானமும் நிற்கும். ஐஸ் நின்றது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பழுதுபார்க்கும் இளைஞன், ஐஸ் செய்யும் உறுப்பு முழுவதையும் மாற்றவேண்டும் என்றான். ஒரு மாத ஓய்வூதியம் அதற்குச் செலவாயிற்று. ஒன்பதாம் நாள் ஐஸ் மீண்டும் நின்றது.

“தம்பி, அந்தப் பொடியன் என்னை ஏமாற்றிப் போட்டான். கோரிக்கைக் கடிதம் ஒன்று அனுப்பும்” என்றார் மாஸ்ரர்.

“அவன் ஏமாற்றினான் என்பதற்குச் சான்று என்ன, மாஸ்ரர்?”

“கடைசியாகக் கை வைத்தவன் அவன்தானே!”

இந்த விடைதான் என்னைத் திடுக்கிட வைத்தது. சிலம்பு கையிலிருந்தது என்ற ஒன்றையே சான்றாகக் கொண்டு, ஆராயாது கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். அதன் விலையை மதுரை முழுவதும் கொடுத்தது. அக்கதையை நாற்பது ஆண்டு மாணவர்க்குக் கற்பித்த ஆசிரியரே இன்று அதே தீர்ப்பைச் சொல்கிறார்! கடிதம் எழுதுமுன் களத்தைப் பார்ப்போம் என்று புறப்பட்டேன்.

ஐஸும் நாமும்

ஐஸ் ஒருகாலத்தில் சீமான்களின் சரக்கு. 1833இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலிருந்து குளத்துப் பனிக்கட்டியை ஏற்றிய கப்பல் கல்கத்தாவை வந்தடைந்தது. அவ்வணிகத்துக்கென 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. கொழும்பிலோ 1866இல் ஐஸ் கம்பனி தோன்றியது. நாடறிந்த எலிபன்ட் ஹவுஸின் தொடக்கம் அதுவே. பின்னர் இரத்மலானையிலேயே குளிர்சாதனப் பெட்டி செய்யும் ரெக்னிஸ் தொழிற்சாலையும் எழுந்தது. ஆகவே குளிரூட்டும் தொழில் இவ்வூருக்குப் புதிதன்று. மாஸ்ரர் வீட்டுப் பெட்டியோ கடல் கடந்து வந்தது. வேற்று நாட்டு வீடுகளை மனத்திற் கொண்டு செய்யப்பட்டது. வழக்கின் முடிச்சு அங்கேதான் இருந்தது.

சாட்சிகளின் விசாரணை

அப்பொறியின் வேலை எளியது. பெட்டியின் பின்னாலுள்ள மின் வால்வு திறந்து, அளவாகத் தண்ணீரை அச்சினுள் விடும். தண்ணீர் உறைந்து, உறைபனி நிலைக்குக் கீழே ஏறத்தாழ பத்துப் பாகை வரை குளிர்ந்ததும், அச்சின் கீழுள்ள சூடாக்கி சற்றே வெம்மையூட்டிக் கட்டிகளை இளக்கும்; சுழலும் கரம் அவற்றை வாளியில் தள்ளும். வாளி நிறைந்தால் ஒரு கம்பிக் கை உயர்ந்து நின்று, போதும் என்று அறிவிக்கும். இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வீட்டார் காண்பது ஒன்றே: ஐஸ் இல்லை. ஆதலின் கண்ணிகளை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும்.

முதற் சாட்சி, கம்பிக் கை. அது உயர்ந்து சிக்கியிருந்தால் பொறி வேலை செய்யாது. மாஸ்ரர் வீட்டில் தாழ்ந்தே இருந்தது. இரண்டாவது, குளிர். உறைபெட்டியில் வெப்பமானி வைத்துப் பார்த்தோம். மைனஸ் 18 பாகை, இருக்கவேண்டிய அளவு. அது குறைவாகக் குளிர்ந்திருந்தால், கதவின் றப்பர் ஓரத்தை ஐயுற்றிருப்பேன். கதவிடையே ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால் அது தடையின்றி வழுகி வருமானால், கொழும்பின் ஈரக்காற்று உள்ளே நுழைகிறது என்று பொருள். பெட்டியின் பின்புறச் சுருள்களில் தூசியும் கடற்காற்றின் உப்பும் படிந்தாலும் குளிர் குன்றும். மூன்றாவது, தண்ணீர் வடிகட்டி. ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றவேண்டியதை உரிய காலத்தில் மாற்றியிருந்தார். குழாய் மடிந்திருக்கவில்லை, பின்னாலுள்ள திருகு திறந்தே இருந்தது.

நான்காவது சாட்சிதான் உண்மையைச் சொன்னது. மின்செருகியைக் கழற்றிவிட்டு, அச்சுக்குத் தண்ணீர் விடும் சிறு குழாயைப் பார்த்தோம். அதன் வாயில் ஒரு பனித்தக்கை! தண்ணீர் வரும் வழியே உறைந்து அடைபட்டிருந்தது. இளஞ்சூட்டு நீரில் துணி நனைத்து ஒற்றியெடுத்ததும் அது கரைந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: கத்தியாலோ திருப்புளியாலோ ஒருபோதும் குத்தலாகாது. இன்றைய பெட்டிகள் பலவற்றில் ஓடுவது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் வாயு.

வழி ஏன் உறைந்தது? மூடிய வால்விலிருந்து துளித்துளியாக நீர் கசிந்துகொண்டிருந்தபடியால். வால்வு ஏன் கசிந்தது? இவ்வினாவுக்கு விடை பெட்டிக்குள் இல்லை; வீட்டுக் கூரையில் இருந்தது.

இத்தகைய வால்வு இறுக மூடுவதற்கும் போதிய நீர் விடுவதற்கும் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 20 இறாத்தல் நீரழுத்தம் வேண்டும். மாஸ்ரர் வீட்டில், எங்கள் வீடுகள் பெரும்பாலானவற்றைப் போலவே, தண்ணீர் கூரைத் தாங்கியிலிருந்து வருகிறது. தாங்கியின் அடியிலிருந்து பெட்டியின் வால்வு வரை உயரம் 6 மீற்றர். அது தரும் அழுத்தம் எட்டரை இறாத்தல் மாத்திரமே. 20 இறாத்தல் வேண்டுமானால் தாங்கி 14 மீற்றர் உயரத்தில், நாலு மாடி வீட்டின் உச்சியில், இருக்கவேண்டும். பொறியை எத்தனை முறை மாற்றினாலும் பயன் என்ன? புதிய பொறியும் அதே கசிவால் ஒன்பது நாளில் அடைபட்டது.

இளைஞன் ஏமாற்றவில்லை, அளக்காமல் மாற்றினான். அவன்மீது தவறு உண்டு. ஆயின் அளக்கவேண்டும் என்று அவனுக்குச் சொன்னவர் யார்? பெட்டியுடன் வந்த கைந்நூலைப் புரட்டினேன். பல மொழிகள் அதில் இருந்தன. சிங்களம் இல்லை, தமிழும் இல்லை. வேண்டிய நீரழுத்தம் ஆங்கிலப் பக்கமொன்றின் மூலையில், எறும்பு எழுத்தில் கிடந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச மொழியாக்கியது. சிங்களத் தொழிலாளிக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் தன் தொழிலைத் தன் மொழியில் அறியும் வழியை அந்தக் கைந்நூல் இன்னும் திறக்கவில்லை. இக்குறை ஓர் இனத்துக்கு மாத்திரம் உரியதன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் எம்மிடையே உயிருடன் உள்ளது. எந்தத் தேவைக்காக வாங்குகிறேன் என்று வாங்குவோன் விற்பனையாளனுக்கு அறிவித்து, அவனது திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்குத் தகுதியானதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் உள்ளடங்கும். அறிவித்து என்ற சொல்லைக் கவனியுங்கள்! “எங்கள் வீட்டில் கூரைத் தாங்கித் தண்ணீர்தான், இது வேலை செய்யுமா?” என்று கேட்டு, விடையை விற்பனைச்சீட்டிலேயே எழுதி வாங்கியிருந்தால் மாஸ்ரரின் கை ஓங்கியிருக்கும். அவர் கேட்கவில்லை, கடைக்காரர் சொல்லவுமில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமோ, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்க அதிகாரம் தருகிறது. பழுதடையாத பெட்டி, பொருந்தாத வீட்டில் நின்றால், உத்தரவாதம் என்ன செய்யும்?

பிற நாடுகள் இவ்விடயத்தில் முன்னேறிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை உணரி, மின்பலகை போன்ற உறுப்புகளை ஏழாண்டுகளுக்கும், கதவு றப்பரைப் பத்தாண்டுகளுக்கும் கிடைக்கச் செய்தல் உற்பத்தியாளன் கடமை. 2024இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனத் தனி நெறிச்சட்டமே நிறைவேறியது. இந்திய அரசு 2022இல் இதற்கென இணையத்தளம் திறந்தது. அதே 2022இல் 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். 2023 பெப்புருவரியில் மின்கட்டணம் 66 சதவீதம் உயரக் கண்டவர்களும் நாமே. பழுதான பொருளை வீசிவிட்டுப் புதிது வாங்கும் செல்வம் எம்மிடம் இல்லை. பழுதுபார்க்கும் உரிமை பணக்கார நாடுகளைவிட எமக்கே அவசியமானது.

ஆதலின் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஒன்று: குழாயுடன் இணைக்கும் எந்தப் பொறியையும் விற்குமுன், அதற்கு வேண்டிய நீரழுத்தத்தையும் தாங்கியின் உயரத்தையும் வாங்குவோருக்கு எழுத்தில் அறிவித்தல் சட்டக் கடமையாக வேண்டும். இரண்டு: கைந்நூல் சிங்களத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். மூன்று: உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கும் குறிப்புகளும் உத்தரவாதக் காலம் முடிந்த பின்னரும், கம்பனியின் ஆட்களுக்கு மாத்திரமன்றி, தெருமுனைத் தொழிலாளிக்கும் நியாய விலைக்குக் கிடைக்கவேண்டும்.

கோரிக்கைக் கடிதம் எழுதப்படவில்லை. அந்த இளைஞனையே மீண்டும் அழைத்தோம். கழற்றிய பழைய உறுப்பைச் சோதித்தான். அது நன்றாகவே இருந்தது. தலைகுனிந்து, தன் கூலியைத் திருப்பிக் கொடுத்தான். “பொடியா, நானும் அவசரப்பட்டு விட்டேன்” என்றார் மாஸ்ரர். தாங்கியிலிருந்து வரும் குழாயில் ஒரு சிறிய அழுத்தப் பம்பியை அவனே பூட்டினான். அயலாரின் தண்ணீரைப் பறிக்குமாகையால் தெருப் பிரதான குழாயில் பம்பி பூட்டலாகாது என்பதையும் வாசகர் நினைவிற் கொள்க. ஒரு நாள் பொறுத்து, முதலில் விழுந்த கட்டிகளை வீசிய பின், ஐஸ் ஒழுங்காக விழத் தொடங்கியது.

உங்கள் வீட்டிலும் ஒருநாள் ஐஸ் நிற்கலாம். அன்று எவரையும் திட்டுமுன், ஒருமுறை அண்ணாந்து கூரைத் தாங்கியைப் பாருங்கள்.