பந்து போடும் பார்ட்னர்

புதுச்சேரி சர்க்காரில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு ஒரு தனி பயம் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது புரியாது. மாற்றல் என்றால் பக்கத்து தாலுகா இல்லை சார். காரைக்கால் போட்டால் தஞ்சாவூர்ப் பக்கம், மாஹே போட்டால் கேரளா, ஏனாம் போட்டால் ஆந்திரா! பிரெஞ்சுக்காரன் பஸ்ஸில் துண்டு போடுவது மாதிரி அங்கங்கே இடம் பிடித்துவிட்டுப் போனதன் பலன்.

என் டென்னிஸ் பார்ட்னருக்கு ஏனாம் போட்டுவிட்டார்கள். ரோடு வழியாக 800 கிலோமீட்டருக்கு மேல்.

ஏழு வருஷமாகக் காலை ஐந்தரைக்கு சாரத்திலிருந்து என் ஸ்கூட்டரில்தான் இருவரும் கிளம்புவோம். அவர் போன பிறகும் ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. எழுந்து உட்கார்ந்து, மூலையில் இருந்த ராக்கெட்டைப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தேன். கோர்ட்டுக்குப் போனால் எல்லாரும் ஜோடி ஜோடியாக இருக்கிறார்கள். டபுள்ஸில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். ஒப்புக்குச் சப்பாணி.

அப்போதுதான் பந்து போடும் மெஷின் வாங்கும் ஆசை வந்தது. பார்ட்னர் வேண்டாம், லீவ் போடாது, மாற்றல் கிடையாது.

விசாரித்ததில் சுவையான சங்கதி ஒன்று கிடைத்தது. டென்னிஸுக்கு இந்த மெஷினைக் கொண்டுவந்தவர் ரெனே லகோஸ்த். சாட்சாத் பிரெஞ்சுக்காரர்! 1925, 1928 இரண்டு வருஷமும் விம்பிள்டன் ஜெயித்தவர். 'முதலை' என்பது அவர் பட்டப்பெயர். நம்ம ஊர் சண்டே மார்க்கெட்டில் மலிவு டி-ஷர்ட் நெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறதே, அது அவர் முதலையின் ஒன்றுவிட்ட சொந்தம்தான். 1920-களில் அவர் செய்த மெஷினில் மோட்டார் கிடையாது, கைப்பிடி. அதைச் சுற்ற ஒரு ஆள் வேண்டும். அதாவது, தனியாகப் பயிற்சி செய்ய வந்த மெஷினுக்கே இன்னொருத்தர் தேவைப்பட்டிருக்கிறார்!

இன்றைய மெஷின் பேட்டரியில் ஓடுகிறது. உள்ளே எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சக்கரங்கள். நடுவில் பந்து போய் மாட்டினால், கரும்பு மெஷினில் கரும்பு போவது மாதிரி, மறுபக்கம் பாய்கிறது. மேல் சக்கரம் வேகமாகச் சுற்றினால் டாப் ஸ்பின், கீழ்ச் சக்கரம் வேகம் என்றால் ஸ்லைஸ். கடற்கரை ஈரத்தில் பந்தின் ரோமம் நமத்துப்போனால் சக்கரத்தில் வழுக்கி, வலைக்கு முன்னாலேயே தொப்பென்று விழும் என்பது உபரித் தகவல். விலை? நல்லதாக வேண்டுமென்றால் லட்சத்தைத் தாண்டுகிறது. பந்து தனி. நாலு பந்தை வைத்துக்கொண்டு மெஷினை ஓட்ட முடியாது, நூறாவது வேண்டும். ஒரு பந்து சுமார் 58 கிராம். நூறு பந்து என்றால் கிட்டத்தட்ட ஆறு கிலோ, ஸ்கூட்டரில்.

பி.காம். படித்தவன் சும்மா இருப்பேனா? லெட்ஜர் மாதிரி ஒரு பக்கம் செலவு, ஒரு பக்கம் லாபம் எழுதி மனைவியிடம் காட்டினேன். அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, பந்தை அது போடும். பொறுக்குறது யாரு?"

லெட்ஜரில் அந்தப் பத்தியே இல்லை! நாலு செகண்டுக்கு ஒரு பந்து என்றால் நூறு பந்து ஆறு நிமிஷம் நாற்பது செகண்டில் காலி. பிறகு கோர்ட் முழுக்கச் சிதறிக் கிடப்பதைப் பொறுக்கப் பதிமூன்று நிமிஷம். ஒரு மணி நேரத்தில் இருபது நிமிஷம் டென்னிஸ், நாற்பது நிமிஷம் கத்தரிக்காய் பறிக்கும் வேலை. குனியாமல் அள்ள ஒரு கம்பிக் கூடை விற்கிறார்கள். அதற்கும் காசு.

மெஷினைக் குறை சொல்லவில்லை. பேக்ஹேண்ட் மட்டும் தகராறு என்றால் ஒரே இடத்தில் முந்நூறு பந்து போட மனுஷனால் ஆகாது. ஆண்ட்ரே அகஸியின் அப்பா அப்படித்தான் வீட்டுக் கோர்ட்டில் ஒரு மெஷினை முறுக்கேற்றி வைத்து, ஏழு வயதுப் பையனை தினம் 2,500 பந்து அடிக்கச் சொன்னார். பையன் அதை 'டிராகன்' என்றுதான் நினைத்தான். அடித்து அடித்து உலக சாம்பியன் ஆனார். டென்னிஸை வெறுத்தேன் என்று 2009-ல் வந்த சுயசரிதையில் எழுதியும் வைத்தார். இன்னொன்று: எதிராளியின் தோள் திரும்புவது, ராக்கெட் சாய்வது, இதைப் பார்த்துத்தான் பந்து எங்கே வரும் என்று கால் முடிவு செய்கிறது. மெஷினுக்குத் தோள் ஏது? என் பார்ட்னர் டிராப் ஷாட் போடுமுன் நாக்கைக் கடிப்பார். ஏழு வருஷமாக அதை நான் அவரிடம் சொன்னதே இல்லை.

நம்ம ஊர் அரவிந்தர் ஆசிரமத்து அன்னை எண்பது வயது வரை டென்னிஸ் ஆடியவர். பாரிஸில் எட்டு வயதில் ஆட ஆரம்பித்தபோதே, சம வயதுப் பிள்ளைகளை விட்டுவிட்டு நன்றாக ஆடுகிறவர்களிடமே போய் நிற்பாராம். ஜெயித்ததில்லை, நிறையக் கற்றுக்கொண்டேன் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த மறுநாள், வெட்கத்தை விட்டு, கோர்ட்டில் பிரமாதமாக ஆடும் ஒரு பிளஸ் டூ பையனிடம் போய்க் கேட்டேன்.

ஏற இறங்கப் பார்த்தான். "ஆடலாம் அங்கிள். ஆனா பந்து நீங்க பொறுக்கணும்."

அங்கிள்! முப்பத்தாறு வயதுதான் சார் ஆகிறது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

இப்போது அலாரத்துக்கு முன்னாலேயே முழிப்பு வந்துவிடுகிறது. முதல் நாள் 0-6. இரண்டாம் நாள் 0-6. ஐந்து நாளும் அதே ஸ்கோர். ஆறாம் நாள் ஒரு கேம் ஜெயித்தேன்! கோர்ட்டிலிருந்தே ஏனாமுக்குப் போன் போட்டேன்.

பார்ட்னர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பையன் நாலு டபுள் ஃபால்ட் போட்டானா?"

மூன்றுதான்.