வீட்டு விஷயமல்ல, சட்டசபை விஷயம்!



"புருஷன் பெண்டாட்டி சண்டை. அதில் மூன்றாம் மனிதனுக்கு என்ன வேலை?" ஊர்ப் பெரிய மனிதர்கள் இப்படிப் பேசுகிறார்கள். போலீஸ் ஸ்டேஷனில் இப்படிப் பேசுகிறார்கள். மில் கேட்டில் நின்று உரிமை முழக்கம் செய்கிற நம்மவர் சிலரும் இப்படித்தான் பேசுகிறார்கள்!

இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? கீழத் தஞ்சையில் பண்ணையாளைச் சாட்டையால் அடித்து, சாணிப்பால் புகட்டிய மிராசுதாரர்களும் இதே தோரணையில்தான் நின்றார்கள். என் பண்ணை, என் ஆள், நீ யார் கேட்க என்றார்கள். 1940களில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கண்டு, "நாங்கள் கேட்கிறோம்" என்றார்கள். சாட்டைக்கு முடிவு வந்தது. மிராசுதாரன் சாட்டைக்கு ஒரு நியாயம், வீட்டுக்குள் ஓங்குகிற கைக்கு இன்னொரு நியாயமா?

"குடிதான் காரணம்" என்று சமாதானம் சொல்வாரும் உண்டு. குடித்தவன் மேஸ்திரியை அடிக்கிறானா? மானேஜர் மீது கை வைக்கிறானா? இல்லை! யாரை அடித்தால் கேள்வி வராது என்பது குடித்தவனுக்கும் தெரிகிறது. மில்லில் பட்ட அவமானத்துக்கு மில்லில் போராட வேண்டும். எட்டு மணி நேரம் நடவு நட்டு, இடுப்பொடிந்து வந்தவள் மீதா அதைத் தீர்ப்பது?

சர்க்காரே எடுத்த கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். இந்தியா முழுவதற்கும் கணக்கு 29. இத்தனை வீடுகளில் நடப்பது தனி வீட்டு விஷயமா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் உள்ளது. வீடு யார் பேரில் இருந்தாலும், சட்ட முறைப்படியன்றி அவளை வெளியேற்றக் கூடாது என்கிறது. அடிக்கிறவனை விலகி நிற்கச் சொல்லவும், ஜீவனாம்சம் வழங்கச் சொல்லவும் மாஜிஸ்டிரேட்டுக்கு அதிகாரம் உண்டு. மனு வந்த 3 நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் தீர்ப்புக்கு முயற்சி - இது சட்டத்தின் சொல். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "இந்தச் சட்டம் குடும்பத்தை உடைக்கிறது" என்று கூக்குரலிடுவோரைக் கேட்கிறோம்: குடும்பத்தை உடைப்பது காகிதமா, கைமுஷ்டியா?

ஆனால் ஏட்டிலுள்ள சட்டம் எப்படி வீடு வந்து சேரும்? பாதுகாப்பு அதிகாரி மூலம். அந்த அதிகாரிகளை நியமிப்பது யார்? மாநில சர்க்கார். எத்தனை பேர் வேண்டும் என்று முடிவு செய்வதும் அதுவே. மாவட்டத் தலைநகரில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தால், கடைக்கோடிக் கிராமத்துக் கூலிப்பெண் ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் கட்டணம் கொடுத்துப் போய்த் திரும்ப வேண்டும். திரும்புவது எங்கே? அடித்தவன் இருக்கிற அதே வீட்டுக்கு! தாலுகா அளவிலும் அதிகாரிகளைக் குறித்தாக வேண்டும் என்று 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டே எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட வேண்டி வந்தது. சட்டம் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து!

ஆகவே, எம்.எல்.ஏ.யிடம் போக வேண்டும். சமூக நலத்துறைக்குப் பணம் ஒதுக்க ஓட்டளிப்பவர் அவர். ரோடு கேட்டுப் போகிறோம், பம்பு கேட்டுப் போகிறோம். இதற்கு ஏன் போகவில்லை?

தனியாகப் போகாதீர்கள். ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் மாதர்களும் சேர்ந்து மகஜரோடு போங்கள். கோரிக்கைகள் நான்கு:

1. ஒவ்வொரு தாலுகாவிலும், வேறு வேலை சுமத்தப்படாத பாதுகாப்பு அதிகாரி.
2. குழந்தைகளோடு தங்கத்தக்க விடுதி, எட்டும் தூரத்தில்.
3. அதிகாரியின் பெயரும் விலாசமும் ரேஷன் கடை, மில் கேட், பஞ்சாயத்து ஆபீஸ் சுவர்களில்.
4. நமது தாலுகாவில் எத்தனை மனு வந்தது, எத்தனை தீர்ந்தது என்ற கணக்கு சட்டசபையில்.

பாதிக்கப்பட்ட பெண்ணின் சம்மதமின்றி அவள் பெயரை மகஜரில் எழுதாதீர்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். "பார்க்கிறேன்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். "சபையில் கேள்வி போடுவீர்களா? மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவீர்களா? எப்போது?" என்று கேளுங்கள். அவர் தரும் பதிலைச் சங்கப் பலகையில் எழுதி வையுங்கள். ஊர் படிக்கட்டும்!

அதுவரை, இன்றிரவு அடிபடுகிற சகோதரி காத்திருக்க வேண்டியதில்லை. 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்களுக்கு இலவச வக்கீல் உதவி தர 1987-ம் ஆண்டுச் சட்டமே வகை செய்கிறது. அவள் தாய்வீட்டில் தஞ்சமடைந்திருந்தால், அந்த ஊர் கோர்ட்டிலேயே மனுச் செய்யலாம். அவளோடு துணைக்கு நடப்பது சங்கத்தின் வேலை.

கூலியில் ஒரு ரூபாய் குறைந்தால் கொதிக்கிறோம். உழைக்கிறவளின் எலும்பு முறியும்போது மௌனம் சாதிக்கலாமா? அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை முதல் தீர்மானமாக வையுங்கள். மகஜர் எழுதுங்கள்! எம்.எல்.ஏ. வாசலுக்குத் திரண்டு செல்லுங்கள்!