கயிறு யார் கையில்?

2022 ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீட்டுக்கு வீடு தேசியக்கொடி ஏற்றச் சொன்னது ஒன்றிய அரசு. அதற்கு முன்பே விதிகள் தளர்ந்திருந்தன. 2021 டிசம்பரில் பாலியஸ்டர் கொடிக்கு அனுமதி வந்தது. 2022 ஜூலையில், பொதுமக்கள் இரவிலும் கொடியைப் பறக்கவிடலாம் என்றார்கள். துணிக்கு இருந்த தடை போனது, நேரத்துக்கு இருந்த தடையும் போனது.

அதே ஆகஸ்டில் எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எடுத்தவாய்நத்தம் ஊராட்சி மன்றத் தலைவர் சுதா, தன்னைக் கொடியேற்ற விடமாட்டார்கள் என்று மாவட்ட நிர்வாகத்திடம் முறையிட வேண்டியிருந்தது. அவர் தலித் பெண். ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர். ஆகஸ்ட் 15 அன்று போலீஸ் பாதுகாப்புடன் கொடியேற்றினார். ‘நல்லபடியாக முடிந்ததே’ என்றார்கள் பலர். தன் ஊராட்சியில் தன் கடமையைச் செய்ய ஒரு தலைவருக்கு போலீஸ் வேண்டியிருந்தது என்றால், அதில் என்ன நல்லபடி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பள்ளியில் எங்களுக்குக் கொடியின் நிறங்களுக்குப் பொருள் சொல்லிக் கொடுத்தார்கள். காவி தியாகம், வெள்ளை அமைதி, பச்சை செழிப்பு. அந்தப் பொருள்களுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதைச் சொல்லித் தரவில்லை. 1921இல் காந்தி பேசிய கொடியில் நிறங்கள் மதங்களைக் குறித்தன. 1931இல் காங்கிரஸ், நிறங்களுக்கு மதப் பொருள் கிடையாது என்று மாற்றிக்கொண்டது. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இன்றைய கொடியை ஏற்றபோது, ராட்டை போய் அசோகரின் 24 ஆரச் சக்கரம் வந்தது. ராஜேந்திர பிரசாத் தலைமையிலான கொடிக் குழுவில் அண்ணல் அம்பேத்கரும் உறுப்பினர். ஆக, கொடியின் பொருளை மனிதர்கள்தான் எழுதினார்கள், திருத்தினார்கள். இன்னும் எழுதி முடிக்கவில்லை.

உலகமெங்கும் இதுதான் கதை. ஹைட்டியில் அடிமைத்தளையை அறுக்கப் போராடிய கறுப்பினப் படையின் தளபதி தெஸ்ஸலின், 1803 மே மாதம் பிரெஞ்சு மூவண்ணக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்து, மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் சேர்த்துத் தைக்கச் செய்தார் என்று அந்த மக்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2015 ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் கறுப்பின மக்கள் 9 பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி அதன் பிறகும் தென் கரோலினாவின் சட்டமன்ற வளாகத்தில் பறந்தது. பத்தாம் நாள் பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறி அதை இறக்கினார். அவரைக் கைது செய்தார்கள். ஜூலை 10 அன்று அரசே அதை இறக்க வேண்டி வந்தது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு கொடி வரலாறு உண்டு. ஒரு காலத்தில் மாநிலங்களில் சுதந்திர தினத்தன்று ஆளுநர்களே கொடியேற்றினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சருக்கே அந்த உரிமை வேண்டும் என்று கலைஞர் கருணாநிதி பிரதமர் இந்திரா காந்தியிடம் கேட்டுப் பெற்று, 1974 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் கொடியேற்றினார். நியமிக்கப்பட்டவர் கையிலிருந்த கயிறு தேர்ந்தெடுக்கப்பட்டவர் கைக்கு வந்தது. இன்றும் அதைப் பெருமையோடு நினைவுகூர்கிறோம், சரிதான். கோட்டைக்குப் பொருந்திய நியாயம் ஊராட்சி அலுவலக வாசலுக்குப் பொருந்தாதா?

எடுத்தவாய்நத்தம் தனி நிகழ்வு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2020 சுதந்திர தினத்தில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவியதும் மாவட்ட நிர்வாகம் தலையிட, ஆகஸ்ட் 20 அன்று ஏற்றினார். 2022இல் தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு நடத்தியது. 20 ஊராட்சிகளில் தலைவர்களால் கொடியேற்ற முடியவில்லை. உட்கார நாற்காலி தராத ஊராட்சிகளும் அதில் இருந்தன.

ஆதிக்க சாதியினருக்குத் துணியின் மேல் என்ன கோபம்? கொடியின் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டுமே கிராம சபை நாள்கள். காலையில் கொடியேற்றும் தலைவர்தான் அன்று கிராம சபைக்கும் தலைமை தாங்குவார். ஊராட்சியின் வரவு செலவு அங்கேதான் பேசப்படும். சேரிக்குக் குடிநீர் ஏன் வரவில்லை, சாலை ஏன் ஊரோடு நின்றது என்று அங்கேதான் கேட்க முடியும். காலையில் ஊர் பார்க்கக் கயிற்றைப் பிடித்தவரை மதியம் தரையில் உட்காரச் சொல்ல முடியாது. அதனால்தான் கயிற்றிலேயே தடுக்கிறார்கள்.

சுதந்திரம் எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வந்துவிடவில்லை என்பதைக் கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் பிடி 1947க்குப் பிறகும் தொடர்ந்தது. அரசு மலையைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது 1976இல்தான். டெல்லியில் கொடி ஏறி 29 ஆண்டுகள் கழித்து! மலையாளிப் பழங்குடி மக்கள் சாலைக்கும் பட்டாவுக்கும் இன்றும் மனு எழுதுகிறார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. தலித், பழங்குடி ஊராட்சித் தலைவரை அவரது பணியைச் செய்ய விடாமல் மிரட்டுவதும் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்படி குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஜனவரி 26, ஒரு கொடி நாள். சாதிப் பாகுபாடின்றி தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யச் சொல்லி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். ஆனால் தடுத்தவர்களையும் தடுக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்து சமாதானம் பேசி அனுப்புவதே நம் ஊர்களின் வழக்கம். குற்றத்துக்கு வழக்குப் பதிய வேண்டும். ஒரு நாள் பந்தோபஸ்து அதற்கு ஈடாகாது, மறுநாள் அந்தத் தலைவர் அதே தெருவில்தான் நடக்கிறார்.

தோழர்களே, அடுத்த கொடி நாளில் கைப்பேசியில் முகப்புப் படத்தை மாற்றுவதற்கு முன் உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போங்கள். கயிறு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தலைவர் ஓரமாக நிற்க, வேறொருவர் கயிற்றை இழுத்தால், அன்றைய கிராம சபையிலேயே எழுந்து காரணம் கேளுங்கள். வாக்காளராக உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டார்களா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.