குரலும் குணமும்

நம் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் வாயைத் திறந்த மாத்திரத்திலேயே, அவன் சொல்லுவது என்ன என்று கவனிப்பதற்கு முன்னதாகவே, அவன் எப்படிப்பட்டவன் என்பதைத் தீர்மானித்து விடுவார்கள். கனத்த குரலானால் கம்பீரமானவன். குழைந்த குரலானால் பக்திமான். கீச்சுக் குரலானால் கோழை. கரகரத்த குரலானால் முரடன். இதற்கு ஆதாரம் என்ன?

குரல் என்பது தொண்டையில் உள்ள இரண்டு சதை மடிப்புகள் மூச்சுக் காற்றால் அதிர்வதேயாகும். கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் போன எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12-ல் சுடப்பட்டுக் கழுத்தில் குண்டு பாய்ந்து, அவர் குரலே மாறிப்போயிற்று. குரலோடு அவர் குணமும் மாறிவிட்டதா? மாறிய குரலோடுதானே 1977-ல் ஜனங்கள் அவரை முதலமைச்சராக்கினார்கள்!

1927-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் பேராசிரியர் டி.எச்.பியர் என்பவர், ஒன்பது பேரை வானொலியில் படிக்கச் செய்து, கேட்பவர்கள் அவர்களுடைய தொழில் முதலியவற்றை ஊகித்து எழுதவேண்டுமென்றார். 4,000 பேருக்கு மேல் எழுதினார்கள். மற்றவர்களைவிடச் சுலபமாகக் கண்டுகொள்ளப்பட்டவர்கள் பாதிரியாரும் நடிகரும்தான். ஏன்? இருவரும் தொழிலுக்காகத் தொண்டையைப் பழக்கினவர்கள். கேட்டவர்கள் கண்டது தொழிலையே ஒழிய நெஞ்சையல்ல. நம் காலட்சேப பாகவதர் இராமன் காட்டுக்குப் போகும் கட்டத்தில் குரல் தழுதழுப்பதும் அப்படித்தான். அது சன்மானத்துக்குச் செய்யும் வேலை. அதைக் கேட்டு, "ஆகா, என்ன பக்தி!" என்று கண்ணைத் துடைத்துக் கொள்ளுகிறவர்கள் நாம்தான்.

காலட்சேபத்தோடு போனால் நஷ்டம் கொஞ்சம்தான். நம் காவேரிப் பாசன நாட்டில் நடந்ததைப் பாருங்கள். மிராசுதார் களத்தில் அதட்டினால் தெருக்கோடி வரை கேட்கும். பண்ணையாளோ துண்டை இடுப்பில் கட்டி, கைகட்டி, "ஆண்டே" என்று முனகவேண்டும். எதிர்த்துப் பேசினால் சவுக்கடி, சாணிப்பால். இப்படித் தலைமுறை தலைமுறையாய் அடித்து அடக்கிவிட்டு, அந்தக் குரலைக் கேட்டு, "அவன் பிறவியே அப்படி, அறிவு மட்டு" என்றும், அதட்டிப் பழகிய குரலைக் கேட்டு, "ஆளப் பிறந்தவர்" என்றும் சொன்னார்களே, இது எவ்வளவு பெரிய புரட்டு!

விவசாயத் தொழிலாளர் போராட்டத்தாலும், 1952-ல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தாலும் அந்தக் கொடுமை தளர்ந்தது. நம் காதின் பழக்கம் தளர்ந்ததா? இன்று கிராம சபையில், வாய்க்கால் தூர் வாரிய கணக்கு எங்கே என்று ஒரு கூலிக்காரப் பெண் மெல்லக் கேட்டால், "என்னமோ முனகுகிறாள்" என்கிறார்கள். சற்று உரக்கக் கேட்டாலோ "அடங்காப்பிடாரி" என்கிறார்கள். ஒப்பந்தக்காரர் எழுந்து கணீரென்று நாலு வார்த்தை சொன்னால், கணக்கைக் காட்டாமலே கைதட்டுகிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் தூர் வாரினால் வருமா, கணீர்க் குரலுக்கு வருமா?

தோழர்களே! இது நம் மேடைக்கும் பொருந்தும். தாம் சொல்லுவதாலேயே எதையும் நம்பிவிடாமல், சொந்த அறிவைக்கொண்டு ஆராய்ந்து பார்க்கும்படி பெரியார் ஓயாமல் சொல்லிவந்தார். ஆகவே நம்மவர் கர்ஜித்தார் என்பதற்காகவும் கைதட்டாதீர்கள். சொன்னது என்ன, ஆதாரம் என்ன, இதனால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். அடுத்த கிராம சபையில் யாராவது தணிந்த குரலில் பேச எழுந்தால், அவரை முன்னே வரச் சொல்லி, முடிகிறவரையில் கேளுங்கள்.